கபல் ஸ்பியன் காட்டுவழி: குடும்பத்தோடு செல்ல விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்கு வடகிழக்கே, குலென் மலைத்தொடரின் தென்மேற்குச் சரிவில் கபல் ஸ்பியன் என்னும் இடம் இருக்கிறது. காட்டுக்குள் ஏறிச் சென்றால், ஆற்றின் படுகைப் பாறையிலேயே செதுக்கிய நூற்றுக்கணக்கான லிங்கங்களையும் தெய்வ உருவங்களையும், அவற்றுக்குச் சற்றுக் கீழே ஓர் அருவியையும் காணலாம். இவ்விடத்துக்கு நான் இருமுறை சென்றிருக்கிறேன். முதன்முறை ஒரு மார்ச் மாதத்தில் என் கணவருடன் மட்டும் சென்றேன். இரண்டாம் முறை நவம்பர் இறுதியில், 66 வயதான என் அம்மா, 11 வயது மகன், 7 வயது மகள் என எல்லோருமாகச் சென்றோம். ஊர் திரும்பிய பின் உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகள் இவை.

கபல் ஸ்பியன் என்பது கோயிலா, ஆறா, அருவியா?

மூன்றும்தான்; ஆனால் கட்டடம் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. கம்போடியாவின் கெமர் மொழியில் "கபல்" என்றால் தலை, "ஸ்பியன்" என்றால் பாலம். ஆற்றின் குறுக்கே இயற்கையாகவே அமைந்த ஒரு மணற்பாறைப் பாலம் இருப்பதால் இந்தப் பெயர் வந்தது. அந்தப் பாலத்தை ஒட்டி ஏறத்தாழ 150 மீட்டர் நீளத்துக்கு, ஆற்றின் படுகையும் கரைப் பாறைகளும் சிற்பங்களாக இருக்கின்றன. கோபுரமோ சுற்றுச்சுவரோ கருவறையோ கிடையாது. ஆறே கோயில் என்று நினைத்துக்கொண்டு போக வேண்டும். இதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிடுவது மிகவும் நல்லது, அங்கோர் வாட் போன்ற பேருருவக் கட்டடத்தை எதிர்பார்த்து ஏறுகிறவர், "இவ்வளவு தூரம் ஏறி வந்தது இந்தப் பாறைக்காகவா?" என்று முதல் ஐந்து நிமிடங்களில் மனம் சோர்ந்துவிடக்கூடும்.

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? ஏற்றம் கடினமானதா?

வண்டி நிற்குமிடத்திலிருந்து சிற்பங்கள் தொடங்கும் இடம்வரை சுமார் ஒன்றரை கிலோமீட்டர். நிதானமாக நடப்பவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று, அதில் யாருக்கும் வருத்தமில்லை. மேலே ஆற்றோரமாக நடப்பதையும் அருவிக்கு இறங்கி ஏறுவதையும் சேர்த்தால், போக வர மொத்தம் நான்கு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இடையில் அமர்ந்து, பார்த்து, இளைப்பாறித் திரும்ப மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் வழி மண்பாதையாக, ஏறக்குறைய சமதளமாகச் செல்கிறது. பிறகு பாறைகளும் மரவேர்களும் குறுக்கிடத் தொடங்குகின்றன. சில இடங்களில் பாறைகளுக்கு இடையே ஏறுவதற்கு மரப்படிகள் அமைத்திருக்கிறார்கள். சில இடங்களில் மழை மண்ணை அரித்துவிட்டதால் வெளியே தெரியும் வேர்களே படிகளாகிவிட்டன. வெள்ளியங்கிரியோ சதுரகிரியோ ஏறியவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பழனிப் படிகளில் ஏறி இறங்கும் உடல்நிலை உள்ளவர் எவரும் இதைச் செய்யலாம். ஆனால் வெயிலும் புழுக்கமும் நம் ஊர் மலைகளில் இருப்பதைவிட அதிகமாகக் களைப்பூட்டுகின்றன. இது உயரமான மலை அன்று; மேலே போகப் போகக் குளிரும் என்று எண்ணிக் கம்பளிச் சட்டையைச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை.

சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

ஆறு, ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் தாமாகவே நடந்துவிடுவார்கள். வேர்ப்படிகளில் தாவுவது அவர்களுக்கு விளையாட்டு. மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ளவர்களைச் சிறிது தூரம் தூக்க வேண்டிவரும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தையை உருளும் தள்ளுவண்டியில் கொண்டுசெல்லவே முடியாது. தோளில் கட்டிக்கொள்ளும் தூளிப்பைதான் வழி. அப்படித் தூக்குபவர் இரு கைகளும் காலியாக இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இறங்கும்போது பாறையையோ மரத்தையோ பிடிக்காமல் கால் வைக்க முடியாத இடங்கள் இரண்டு மூன்று உண்டு.

வழியோரத்தில் கடந்த தூரத்தைக் காட்டும் பலகைகள் வருகின்றன. "இன்னும் எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே வந்த என் மகளிடம் அந்தப் பலகைகளைத் தேடும் பொறுப்பைக் கொடுத்தோம். அதன்பின் அவள்தான் எங்களுக்கு முன்னால் ஓடினாள்.

முதியவர்களால் ஏற முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

என் அம்மாவுக்கும் முழங்கால் வலி உண்டு. அவர் ஏறினார், ஆனால் நாங்கள் அவருடைய நடைக்கு எங்கள் நடையைக் குறைத்துக்கொண்டோம் என்பதால்தான் ஏறினார். குடும்பமாக நடக்கும்போது மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். வேகமாக நடப்பவர்கள் முன்னே போய் ஒரு பாறையில் அமர்ந்து காத்திருப்பதும், பின்னால் வருபவர் வந்து சேர்ந்த உடனே அவர்கள் எழுந்து நடப்பதுமாக இருந்தால், ஓய்வு மிகவும் தேவைப்படுபவருக்குத்தான் ஓய்வே கிடைக்காது. இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் போதும், பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலுக்குச் சோதனை. ஒரு கைத்தடியை ஊரிலிருந்தே கொண்டுசெல்லுங்கள். முழங்கால் உறை அணியும் பழக்கம் உள்ளவர்கள் அதை இறங்குவதற்கு முன் மறவாமல் அணிந்துகொள்ள வேண்டும். இதய நோய் உள்ளவர்களும், சில மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். நடுக்காட்டில் ஒருவருக்கு முடியாமல் போனால், அவரைக் கைத்தாங்கலாகத்தான் கீழே கொண்டுவர வேண்டும்.

எந்த மாதத்தில் செல்வது நல்லது?

இந்தக் கேள்விக்கான விடையில்தான் உங்கள் பயணத்தின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கம்போடியாவில் மழைக்காலம் ஏறத்தாழ மே முதல் அக்டோபர்வரை. அதன்பின் ஏப்ரல்வரை வறண்ட காலம். நாங்கள் முதன்முறை மார்ச்சில் போனபோது, அருவி இருக்க வேண்டிய இடத்தில் பாறையை நனைக்கும் ஒரு நீர்க்கோடு மட்டுமே இருந்தது. சிற்பங்கள் தெளிவாகத் தெரிந்தன என்பது உண்மை. லிங்கங்களை ஒவ்வொன்றாக எண்ணவும் முடிந்தது. ஆனால் நீர் ஓடுவதற்காகவே செதுக்கப்பட்டவை நீரின்றிக் கிடந்தன. உலர்ந்த பாசியும் சருகும் படிந்த அந்தப் படுகையைப் பார்த்துவிட்டு, எதையோ பாதி மட்டும் கண்ட உணர்வோடு திரும்பினோம்.

மழை உச்சத்தில் இருக்கும் ஆகஸ்டு, செப்டம்பரில் நிலைமை நேர்மாறானது. அருவி நிறைந்து கொட்டும். ஆனால் ஆறு பெருகிக் கலங்கி ஓடினால் படுகைச் சிற்பங்களின் மேல் நீரைத் தவிர வேறொன்றும் தெரியாது. பாதையும் வழுக்கும்.

என் கருத்தில், அக்டோபர் இறுதி முதல் டிசம்பர்வரை உள்ள காலமே குடும்பங்களுக்கு உகந்தது. மழை விட்டிருக்கும், அருவியில் நீர் இருக்கும், ஆறு தெளிந்திருக்கும். நாங்கள் நவம்பரில் சென்றபோது கணுக்கால் ஆழத்துக்குக் கண்ணாடிபோல் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் லிங்கங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு லிங்கத்தின் மேலும் நீர் சிறிது எழும்பி, வளைந்து, மறுபடி இறங்கி ஓடியது. அந்தக் காட்சிக்காகவே மாதத்தைத் தேர்ந்தெடுத்துப் பயணத்தைத் திட்டமிடலாம்.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

அங்கோருக்கு அருகிலுள்ள சியம் ரீப் நகரிலிருந்து கபல் ஸ்பியன் சுமார் 50 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். டுக்டுக்கில் சென்றால் அதைவிட நெடுநேரம் பிடிக்கும், புழுதியும் உண்டு. முதியவர்களும் குழந்தைகளும் இருந்தால் கார் அமர்த்திக்கொள்வதே நல்லது. காலை ஏழு மணிக்குள் விடுதியை விட்டுக் கிளம்பினால் எட்டரைக்குள் ஏறத் தொடங்கலாம். வெயில் உறைக்கும் முன் மேலே சேர்ந்துவிடலாம். பிற்பகல் மூன்று மணி வாக்கில் மேலே ஏற விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். எனவே "மற்ற கோயில்களையெல்லாம் பார்த்துவிட்டு மாலையில் போகலாம்" என்று வைத்துக்கொண்டால் அடிவாரத்திலேயே திரும்ப நேரிடும்.

நுழைவுச்சீட்டை எங்கே வாங்குவது? கட்டணம் எவ்வளவு?

தனிச்சீட்டு இல்லை. அங்கோர் தொல்லியல் பூங்காவுக்கான பொதுச்சீட்டிலேயே கபல் ஸ்பியனும் அடங்கும். 2017 முதல் வெளிநாட்டவருக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர், ஏழு நாள் சீட்டு 72 டாலர் என்று வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாட்களில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதால், இடையில் ஒரு நாள் ஓய்வெடுக்க நினைக்கும் குடும்பங்களுக்கு அதுவே வசதி. 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வயதைக் காட்டக் கடவுச்சீட்டு கேட்பார்கள், ஆகவே குழந்தைகளின் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள்.

சீட்டை மலையடிவாரத்தில் விற்பதில்லை. சியம் ரீப்பில் உள்ள சீட்டு அலுவலகத்திலோ இணையத்திலோ வாங்க வேண்டும். அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் அங்கேயே படமெடுத்துச் சீட்டில் அச்சிட்டுத் தருகிறார்கள். சீட்டில்லாமல் 50 கிலோமீட்டர் வந்துவிட்டு நகருக்குத் திரும்ப வேண்டிய நிலைக்கு ஆளாகாதீர்கள். கம்போடியாவில் அமெரிக்க டாலர் தாராளமாகப் புழங்குகிறது. ஆனால் கிழிந்த, கறைபட்ட நோட்டுகளை வாங்க மறுத்துவிடுவார்கள்.

ஆற்றில் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும்?

பாதை முடியுமிடத்தில் ஆறு உங்களுக்கு எதிர்ப்படும். பெரும்பாலோர் அருவியின் ஓசை வரும் திசையில் உடனே இறங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் மேல்நோக்கிச் சென்று, ஆற்றின் போக்கிலேயே மெல்லக் கீழிறங்கி, கடைசியில் அருவியை அடையுங்கள். நீர் எந்த வரிசையில் சிற்பங்களைத் தொட்டுக்கொண்டு போகிறதோ அதே வரிசையில் நீங்களும் பார்க்கலாம்.

முதலில் உங்கள் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. பாறை, பாசி, நீர், மேலே கிளைகளின் நிழல், அவ்வளவுதான். நின்று பாருங்கள். சிறிது நேரத்தில் படுகையில் குமிழ் குமிழாக ஏதோ தெரியத் தொடங்கும்; அவை வரிசையாக, இடைவெளி மாறாமல் இருப்பதைக் கண்டதும், இவை இயற்கையாக உண்டானவை அல்ல, உளி பட்டவை என்று மனம் திடுக்கிடும். அவையே லிங்கங்கள். நம் கோயில்களில் பார்ப்பதுபோல உயர்ந்து நிற்பவை அல்ல. உள்ளங்கையைக் குவித்துக் கவிழ்த்ததுபோலத் தாழ்வானவை. இவற்றின் காரணமாகவே இவ்விடத்தை ஆயிரம் லிங்கங்களின் ஆறு என்று அழைக்கிறார்கள். சில இடங்களில் சதுரமான ஆவுடையாருக்குள் நடுவில் ஒன்றும் நான்கு மூலைகளில் நான்குமாக ஐந்து லிங்கங்கள் உள்ளன. அந்தச் சதுரத்தின் ஒரு பக்கத்தில் நீர் வெளியேறக் கோமுகமும் வெட்டியிருக்கிறார்கள்.

பிறகு அனந்தசயனம். பாம்பணையில் திருமால் பள்ளிகொண்டிருக்க, திருமகள் காலடியில் அமர்ந்திருக்க, உந்தியிலிருந்து எழும் தாமரையில் பிரமன் இருக்கும் காட்சி இங்கே ஓரிடத்தில் மட்டுமல்ல, பல இடங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. திருவரங்கத்திலோ திருவனந்தபுரத்திலோ விளக்கொளியில் தரிசித்த அதே கோலத்தை, திறந்த வானத்தின் கீழே ஓடும் நீரில் பார்ப்பது என் அம்மாவைச் சற்று நேரம் பேச்சற்றவராக்கிவிட்டது. பாற்கடலில் பள்ளிகொண்டவன் என்று நாம் பாடுவதை, இந்தச் சிற்பிகள் உண்மையாகவே நீருக்குள் கிடத்திக் காட்டியிருக்கிறார்கள். நந்தியின் மேல் உமையோடு அமர்ந்த சிவனும் உண்டு.

ஒரு துயரமான செய்தியையும் சொல்ல வேண்டும். திருமாலின் உருவம் ஒன்றில் ஒரு பகுதியைச் சிலைத் திருடர்கள் வெட்டி எடுத்துவிட்டதால், அவ்விடத்தில் நகல் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில்கள் இழந்த திருமேனிகளை நினைத்தவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: பாறையில் செதுக்கிய தவளையையும் மாட்டையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தவளையை முதலில் பார்த்தது என் மகன். அது உயிருள்ள தவளை என்று நினைத்துக் குனிந்தவன், அது அசையாமல் இருப்பதைக் கண்டு, பாசி படிந்த அதன் முதுகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இவற்றைச் செதுக்கியவர்கள் யார்? ஏன் ஆற்றுக்குள் செதுக்கினார்கள்?

பெரும்பாலானவை 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கெமர் மன்னன் முதலாம் சூரியவர்மனின் அமைச்சர் ஒருவரின் பொறுப்பில் லிங்கங்கள் செதுக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. செதுக்கும் பணியைச் செய்தவர்கள் இந்தக் காட்டிலேயே தவம் செய்து வாழ்ந்த துறவிகள் என்பர். சூரியவர்மனுக்குப்பின் ஆண்ட இரண்டாம் உதயாதித்தவர்மன் 1059இல் இங்கே பொன் லிங்கம் ஒன்றை நிறுவியதை இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. தஞ்சைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் இதே காலம்தான் பொற்காலம். காம்போச (கம்போடிய) மன்னன் முதலாம் இராசேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பி நட்பு பாராட்டியதாகச் சோழர் காலத்துக் கரந்தைச் செப்பேடு குறிப்பிடுகிறது. அந்த மன்னன் முதலாம் சூரியவர்மனே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

ஆற்றுக்குள் ஏன் என்பதற்கு, அபிஷேகத்தை நினைத்தாலே விடை கிடைத்துவிடும். லிங்கத்தின்மேல் வழிந்த நீர் தீர்த்தமாகிறது. ஆற்றின் தொடக்கத்திலேயே ஆயிரம் லிங்கங்களைச் செதுக்கிவிட்டால் ஆறு முழுவதும், இரவும் பகலும், பூசகர் இல்லாமலேயே தீர்த்தமாகிக்கொண்டிருக்கும். மலையிலிருந்து இறங்கும் இந்த நீர்தான் கீழே அங்கோர் சமவெளியின் வயல்களுக்கும் ஏரிகளுக்கும் உரியது. உண்ணும் நெல்லும் குடிக்கும் நீரும் இறைவனைத் தொட்டுவிட்டு வரட்டும் என்று ஓர் அரசு எண்ணியது என்பதை அந்த ஓடைக்கரையில் நின்று நினைத்துப் பார்த்தபோது, எனக்கு அங்கோர் வாட்டின் பெருமையைவிட இது பெரிதாகத் தோன்றியது.

வெளியுலகுக்கு இந்த இடம் தெரியவந்தது மிகவும் பிற்காலத்தில்தான். 1969இல் ழான் பூல்பே என்ற பிரெஞ்சு இனவியலாளரை உள்ளூர்த் துறவி ஒருவர் இங்கே அழைத்து வந்தார். அதையடுத்து மூண்ட உள்நாட்டுப் போரால் ஆய்வு நின்றுபோயிற்று. நெடுங்காலம் யாரும் அச்சமின்றி வர முடியவில்லை.

சிற்பங்களின் மேல் கால் படாமல் நடக்க முடியுமா? தொட்டு வணங்கலாமா?

முடியும். சிற்பங்கள் உள்ள பகுதிகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள். கரையோரப் பாதையிலிருந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம். கயிற்றைத் தாண்ட வேண்டாம், படம் எடுப்பதற்காகப் படுகைக்குள் இறங்கவும் வேண்டாம். மணற்பாறை மென்மையானது. ஆயிரம் ஆண்டுகளாக நீர் தேய்த்தது போக எஞ்சியிருப்பதை, ஓராண்டில் வருகின்ற காலடிகள் தேய்த்துவிடும். மஞ்சள், குங்குமம், எண்ணெய், பால் எதையும் ஊற்றவோ பூசவோ கூடாது. வணங்க விரும்புவோர் கரையில் நின்று கைகூப்பினால் போதும். அபிஷேகம் தானாக நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அருவியில் குளிக்கலாமா?

குற்றாலத்துப் பேரருவியை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது சிறிய அருவிதான். சிற்பப் பகுதியிலிருந்து கீழ்நோக்கிச் சிறிது தூரம் இறங்கினால் பாறை விளிம்பிலிருந்து நீர் விழும் இடத்தை அடையலாம். நீர் மிதமாக விழும்போது அடியில் நின்று தலை நனைத்துக்கொள்ளலாம்; குழந்தைகள் இதற்காகவே இன்னொரு முறை மலையேறச் சம்மதிப்பார்கள். ஆனால் பாறைகள் மிகவும் வழுக்கும். நீர் பலமாக விழும் நாட்களில் இறங்க வேண்டாம். அருவிக்கு மேலே, சிற்பங்கள் உள்ள ஓடையில் குளிப்பது அறவே கூடாது. உடை மாற்ற மறைவிடம் கிடையாது என்பதால், பெண்கள் விரைவில் உலரும் உடையோடு வருவது நல்லது.

கம்போடியக் காடுகளில் கண்ணிவெடிகள் இருப்பதாகச் சொல்கிறார்களே, அஞ்ச வேண்டாமா?

இந்தப் பாதையில் அச்சமில்லை. ஒவ்வொரு நாளும் மக்கள் நடக்கும் வழி இது. ஆனால் பல்லாண்டுகள் போர் நடந்த நாடு என்பதை மறக்கலாகாது. இயற்கைக் கடன் கழிக்கவோ, வண்ணத்துப்பூச்சியைத் துரத்திக்கொண்டோ பாதையை விட்டுப் புதருக்குள் போகக் கூடாது என்று குழந்தைகளிடம் மலையேறுவதற்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கழிப்பறை அடிவாரத்தில்தான் இருக்கிறது. ஏறும் முன் எல்லோரும் போய் வந்துவிட வேண்டும். திரும்பும் வழியில், இதே சாலையிலுள்ள பந்தேய் ஸ்ரீ கோயிலுக்குத் தெற்கே கண்ணிவெடி அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாம். என் மகளுக்கு அது தாங்காது என்று எண்ணி நாங்கள் செல்லவில்லை.

பூச்சி, பாம்பு பற்றி?

கொசுவிரட்டிக் களிம்பைக் காலையிலேயே பூசிக்கொள்ளுங்கள்; டெங்கு உள்ள நாடு. எறும்பு வரிசை பாதையைக் கடக்கும் இடங்களில் நிற்காமல் நடந்துவிட வேண்டும். கை வைக்குமுன் பாறையைப் பாருங்கள், கால் வைக்குமுன் சருகைப் பாருங்கள். அவ்வளவே.

சைவ உணவு கிடைக்குமா?

மேலே எதுவும் கிடைக்காது. அடிவாரக் கடைகளில் சோறும் வறுத்த காய்கறியும் இளநீரும் உண்டு. ஆனால் கெமர் சமையலில் மீன்சாறும் புளிக்கவைத்த மீன் விழுதும் உப்பைப்போலக் கலந்திருக்கும் என்பதால், "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது, மீன்சாறும் வேண்டாம் என்று தனியே சொல்ல வேண்டும். சியம் ரீப்பில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. நாங்கள் முந்தைய இரவே சப்பாத்தி வாங்கி வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயோடு மேலே பாறையில் அமர்ந்து உண்டோம். உறைகளையும் தாள்களையும் பையிலேயே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

போகும் வழியில் பந்தேய் ஸ்ரீ சாலையோரம் பனைவெல்லம் காய்ச்சும் குடும்பங்களைப் பார்ப்பீர்கள். வண்டியை நிறுத்துங்கள். அகன்ற வாணலியில் பதநீர் கொதித்து நிறம் மாறுவதையும், வெல்லத்தை வட்டவட்டமாக வார்த்து, பனையோலைக் குழலுக்குள் அடுக்கிக் கட்டித் தருவதையும் காணலாம். பனை அவர்களுக்கும் நாட்டுமரம். ஒரு துண்டை வாயில் போட்ட அம்மா, "உடன்குடிக் கருப்பட்டியைவிடக் கொஞ்சம் இளசு" என்று தீர்ப்புச் சொன்னார்.

வழிகாட்டி அமர்த்த வேண்டுமா?

வழி தவற வாய்ப்பில்லை, ஒரே பாதைதான். ஆனால் நீருக்குள் இருப்பதை விரல் நீட்டிக் காட்டுவதற்கு ஒருவர் இருந்தால் இரு மடங்கு பார்க்கலாம். அடிவாரத்திலும் மேலேயும் உள்ள காவலர்கள், ஆர்வத்தோடு கேட்பவர்களுக்குத் தாங்களே வந்து சில சிற்பங்களைக் காட்டுவதுண்டு. எங்களுக்குக் காட்டிய முதியவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் ஒரு இலையை நீரில் விட்டார். அது மிதந்து சென்று நின்ற இடத்தைக் காட்டினார். அங்கே திருமாலின் முகம் இருந்தது.

அதே நாளில் வேறு எதைப் பார்க்கலாம்?

பந்தேய் ஸ்ரீயைத்தான். கபல் ஸ்பியனுக்குச் செல்லும் சாலையிலேயே, சுமார் 12 கிலோமீட்டர் முன்னதாக இருக்கிறது. 967இல் குடமுழுக்குக் கண்ட அந்தச் சிவன் கோயில் அளவில் சிறியது. செம்மணற்கல்லில் மரச்செதுக்கலைப்போல நுணுக்கமான வேலைப்பாடு கொண்டது. காலையில் மலை, பிற்பகலில் பந்தேய் ஸ்ரீ என்று வைத்துக்கொள்ளுங்கள். நடை என்று சொல்ல அங்கே அதிகமில்லை, களைத்த கால்களுக்கு ஏற்றது.

தமிழர்கள் அங்கே தவறாமல் பார்க்க வேண்டியது, கிழக்கு வாயிலின் முகப்பில் ஆடும் சிவனையும் அவன் அருகே அமர்ந்திருக்கும் மெலிந்த பெண்ணுருவையும். வற்றிய மார்பும் எலும்பெடுத்த உடலுமாக இருக்கும் அவர் காரைக்கால் அம்மையார். கயிலை மலையைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையால் நடந்து ஏறியவர். ஆற்றங்கரையில் லிங்கங்களின் மேல் பாதம் பட்டுவிடுமோ என்று ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்த என் அம்மா, அன்று பிற்பகல் அவரைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

குலென் மலை அருவி என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை, பலர் குழப்பிக்கொள்வது இதைத்தான். இரண்டும் ஒரே மலைத்தொடரில் இருந்தாலும் வெவ்வேறு இடங்கள். குலென் மலை தேசியப் பூங்காவுக்கு அங்கோர் சீட்டு செல்லாது. தனிக் கட்டணம் உண்டு. அங்கே வண்டி மலைமேலேயே செல்கிறது, அருவியும் பெரியது, படுகையில் லிங்கங்களும் உண்டு, பாறையில் குடைந்த கிடந்த கோலப் புத்தரும் உண்டு. 802இல் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவித்துக்கொண்ட மகேந்திர பர்வதம் அந்த மலைதான். மரங்களுக்கு அடியில் மறைந்துகிடந்த அவன் நகரத்தின் தெருக்களும் ஏரிகளும் 2012இல் வானிலிருந்து எடுத்த லேசர் அளவீட்டால் புலப்பட்டன. நடக்க இயலாத முதியவர்கள் இருந்தால் குலெனுக்குச் செல்லுங்கள். விடுமுறை நாட்களில் உள்ளூர்க் குடும்பங்கள் திரளாக வந்து சமைத்து உண்டு மகிழும் இடம் என்பதால் ஆரவாரம் அதிகம். காட்டின் அமைதியில் நடக்க வேண்டும் என்றால் கபல் ஸ்பியன்தான்.

என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிடிமானம் உள்ள அடிப்பகுதி கொண்ட காலணி, தொப்பி, ஒரு துவாலை, உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி, காயத்துக்கான கட்டுத்துணி. பந்தேய் ஸ்ரீக்கும் செல்வதால் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை வேண்டும். ரப்பர் செருப்போடு ஏறிய ஒருவர் வார் அறுந்து வெறுங்காலோடு இறங்கியதைப் பார்த்தோம்.

நடுவழியில் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

ஏறிக்கொண்டிருக்கும்போது மழை வந்தால், பாதி தூரத்துக்குக் குறைவாகவே வந்திருந்தால் திரும்பிவிடுங்கள். மேலே இருக்கும்போது வந்தால், முதலில் ஆற்றை விட்டு விலகி உயரமான கரைக்கு வாருங்கள். மலை ஆறு சட்டென்று பெருகும். மழை ஓயும்வரை காத்திருந்து, முதியவரை நடுவில் விட்டு, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக இறங்குங்கள். நனைந்த வேரின்மேல் மட்டும் கால் வைக்காதீர்கள். வேருக்கும் வேருக்கும் இடையில் உள்ள மண்ணில் வையுங்கள்.